பாகற்காயை வைத்து மனச்சோர்வைக் கணிக்க முடியாது

பாகற்காய் பிடிக்காதவர்களுக்கு மனச்சோர்வு பரம்பரையாக வரும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது தவறு. பரம்பரைக் கசப்பு என்று ஆய்வுகளில் வருவது பி.டி.சி. (ஃபீனைல்தயோகார்பமைடு) என்ற வேதிப்பொருளின் கசப்பு. 1931இல் வேதியியலாளர் ஃபாக்ஸ் தற்செயலாகக் கண்டது. அதை நாக்கு உணர்வதும் உணராததும் பெரும்பாலும் ஒரே மரபணுவைப் பொறுத்தது. பச்சை முட்டைக்கோஸ், நூக்கோல் கசப்பு அதே வழி. பாகற்காயும் காபியும் அப்படியல்ல. சிக்கரி கலக்காத ஏற்காட்டுக் காபியை அலட்டாமல் குடிப்பவர் பி.டி.சி. தடவிய தாளை நாக்கில் வைத்ததும் துப்பலாம்!

சேலத்துக் கல்லூரி மாணவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பதானால்: ஒரு மணி நேரம் முன்பே காபி, வெற்றிலை நிறுத்தி, வாய் கொப்பளித்து, முதலில் வெறும் தாளை நாக்கில் வையுங்கள். இதைத் தவிர்த்தால் காகித ருசியையே கசப்பு என்பார்கள். பிறகுதான் பி.டி.சி. தாள், எச்சிலில் நன்றாக ஊறவேண்டும். வாய் வறண்டிருந்தால் பொருள் கரையாது, சுவை தெரிந்தவரும் 'தெரியவில்லை' பட்டியலில் போய்விடுவார். அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் வாயை வறட்டுபவை. இதைக் கவனிக்காமல் மனச்சோர்வு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிடுவது எதற்கும் உதவாது.

பி.டி.சி. கசப்பை மனச்சோர்வோடு சேர்த்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண். உறுதியான சங்கதி வேறு: 2006இல் ஆரோக்கியமானவர்களுக்குச் செரோடோனினை (மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருள்) கூட்டும் மருந்து கொடுத்தபோது இனிப்பும் கொய்னா (குயினைன்) கசப்பும் முன்பைவிடக் குறைந்த அளவில் இருந்தாலே நாக்குக்குத் தெரிந்தன. அது மருந்தின் வேலை, பரம்பரை அல்ல.