வானம் ஏன் நீலம் என்று பிள்ளை கேட்டால்

வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு, "கடலின் நிறம் அதில் தெரிகிறது" என்று சொல்லிவிடுகிறோம். கடல் ஏன் நீலம் என்று அதே பிள்ளை கேட்டால், "வானத்தின் நிறம்" என்கிறோம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட குழந்தை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

எனக்கு இதில் கோபமே வருகிறது. தெரியவில்லை என்று சொல்வதில் ஒரு குறைச்சலும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பிள்ளையின் வாயை அடைப்பது, "தொணதொணக்காதே" என்று அதட்டுவதைவிட மோசம். அதட்டினால் கேள்வியாவது மிஞ்சும்.

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று சொன்னவர்களில் ராலே போன்ற மாபெரும் இயற்பியலாளரும் உண்டு. 1921இல் கப்பலில் பயணம் செய்த சி.வி.ராமன் அதை அப்படியே ஏற்கவில்லை. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை ஒரு சிறிய பட்டகத்தால் விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் போகவில்லை, அழுத்தமாகவே தெரிந்தது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று எழுதினார். (தண்ணீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதும் முக்கியக் காரணம் என்பது இன்று தெரியும்.)

வானத்து நீலத்தை வீட்டிலேயே காட்டலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், சில சொட்டுப் பால், ஒரு டார்ச் போதும். அறையை இருட்டாக்கி, என் தங்கை மகளோடு செய்து பார்த்தேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது தண்ணீரில் மெல்லிய நீலம் படர்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் பிடித்த வெள்ளைத் தாளில் விழுந்த ஒளியோ மஞ்சள். "மாமா, இன்னும் கொஞ்சம் பால் விடட்டுமா?" என்றாள். விட்டாள். மஞ்சள் ஆரஞ்சை நோக்கிப் போனது. "சாயங்காலச் சூரியன்!" என்று அவளே கத்தினாள்.

விஷயம் அதுதான். நீல ஒளியின் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர், சிவப்பினுடையது 700ஐ ஒட்டியது. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் கூடும் என்பதால், காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை ஏறக்குறைய 6 மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. வானமெங்கும் நீலம் தெரிவது அதனால்தான். அந்தி நேரத்தில் ஒளி நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருவதால், நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் சிவப்பு நம்மிடம் வந்து சேர்கிறது. இந்த எண்கள் நமக்கு. பிள்ளைக்கு டம்ளர் போதும்.

அலுவலகம் விட்டுக் களைத்து வருகிறவர்களால் உடனே எல்லாவற்றையும் செய்துகாட்ட முடியாதுதான். கேள்வியை எழுதி வைத்துவிட்டு விடுமுறை நாளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊதாவின் அலைநீளம் இன்னும் குறைவு, அப்படியானால் வானம் ஏன் ஊதாவாக இல்லை என்று சற்றுப் பெரிய பிள்ளை மடக்கலாம். மடக்கினால் கட்டி அணைத்துக்கொள்ளுங்கள். சூரிய ஒளியில் ஊதாவின் பங்கு குறைவு. நம் கண்ணும் ஊதாவைவிட நீலத்தையே நன்றாக உணர்கிறது.