பார்க்கிங்ல எலக்ட்ரிக் கார் சார்ஜர் கேட்டா டிரஸ்டிங்க (ஓனருங்க தேர்ந்தெடுத்த கமிட்டி) ஏன் முடியாதுன்னு மட்டும் சொல்றாங்க?

ஜோகன்னஸ்பர்க்ல காம்ப்ளக்ஸ்ல, அதாவது பல வீடு சேர்ந்த குடியிருப்புல இருக்குற நம்ம தமிழ் ஆளுங்களுக்காக எழுதுறேன், கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. 2025ல பிஒய்டி டால்ஃபின் சர்ஃப் 3,39,900 ராண்டுக்கு வந்ததுல இருந்து நம்ம வாட்ஸ்அப் குரூப்ல எலக்ட்ரிக் கார் பேச்சுதான் ஓடுது. டெஸ்ட் டிரைவ் போறாங்க, பேங்க்ல ஃபைனான்ஸ் விசாரிக்கிறாங்க, ஆனா வீட்டுல எங்க சார்ஜ் போடப்போறோம்னு யாரும் மொதல்ல கேக்குறதில்ல. தனி வீடுன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வேலை முடிஞ்சதும் சிஓசி (ஒயரிங் விதிப்படி இருக்குன்னு சர்டிஃபிகேட்) வாங்கி வச்சுக்கிட்டா போதும். காம்ப்ளக்ஸ்ல உங்க வீட்டு டிபி போர்டுல (கரண்ட் பிரிக்கிற பெட்டி) இருந்து பார்க்கிங் பே வரைக்கும் ஒயர் போற சுவரு, சீலிங், தரை எல்லாமே காமன் பிராப்பர்ட்டி, அதாவது எல்லா ஓனருக்கும் பொதுச் சொத்து, அனுமதி வாங்காம ஒரு ஓட்டை போட முடியாது.

எங்க காம்ப்ளக்ஸ்ல ஒருத்தர் டிரஸ்டிங்களுக்கு முறையா லெட்டர் குடுத்து கேட்டாரு. "இப்போதைக்கு முடியாது, வேற யாரும் கேக்கல"ன்னு மேனேஜிங் ஏஜென்ட்கிட்ட (காம்ப்ளக்ஸ் நிர்வாகத்தைப் பாக்குற கம்பெனி) இருந்து ஒரே வரில பதில். கார் வந்தாச்சு, மனுஷன் என்ன பண்ணுவாரு, பேஸ்மென்ட்ல கிளீனிங் மெஷினுக்காக வச்சிருக்குற பிளக்ல எக்ஸ்டென்ஷன் ரீலை சொருகி ராத்திரில சார்ஜ் போட ஆரம்பிச்சாரு. ஒரு நாள் காலைல நான் கீழ போனப்ப அந்த பிளக்கைப் பார்த்தேன். மூணு ரவுண்ட் பின்ல ஒண்ணைச் சுத்தி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி உருகி உள்வாங்கியிருந்துச்சு, கிட்ட போனா கருகல் வாசனை. ரீலை முழுசா பிரிக்காம சுத்தினபடியே விட்டிருந்தாரு, எட்டு மணி நேரம் விடாம கரண்ட் இழுத்தா சுருள் சூடேறாம என்ன செய்யும். குரூப்ல அவரை கரண்ட் திருடன்னு எழுதுனாங்க. சாதா பிளக்ல மணிக்கு ரெண்டே கால் யூனிட் போகும், ராத்திரி முழுக்க பதினெட்டு யூனிட், யூனிட் மூணு ராண்ட்னு வச்சா அம்பத்தி நாலு ராண்ட். எல்லாரும் மாசா மாசம் கட்டுற லெவியில (பராமரிப்புக் காசு) இருந்து அது போறது தப்புதான், நான் இல்லைங்கல. ஆனா கேட்டவருக்கு ஒரு வழியும் காட்டாம விட்டது டிரஸ்டிங்க, அதுலதான் எனக்கு கோவம்.

இப்ப சட்டத்துக்கு வருவோம், இங்கதான் நம்மள ஏமாத்துறாங்க. செக்‌ஷனல் டைட்டில் ஸ்கீம்ஸ் மேனேஜ்மென்ட் சட்டம், அதாவது இந்த மாதிரி காம்ப்ளக்ஸை நடத்துறதுக்கான சட்டம், 2016 அக்டோபர்ல இருந்து அமல்ல இருக்கு. அதோட மேனேஜ்மென்ட் ரூல்ஸ்ல 29ஆவது ரூலை எடுத்துப் பாருங்க. காமன் பிராப்பர்ட்டில பண்ற வேலை "நியாயமா தேவை"ன்ற வகையில வந்தா, செலவு எவ்வளவு, பணம் எங்கிருந்து வரும், ஏன் வேணும்னு எழுதி எல்லா ஓனருக்கும் 30 நாள் நோட்டீஸ் குடுக்கணும். யாரும் மீட்டிங் கேக்கலன்னா வேலையை ஆரம்பிச்சிடலாம், கேட்டா ஸ்பெஷல் ரெசல்யூஷன், அதாவது மீட்டிங்ல விழுற ஓட்டுல எண்ணிக்கையிலயும் மதிப்புலயும் (ஒவ்வொரு வீட்டோட பங்கு அளவு) 75 சதவீதம். அதே வேலையை "தேவையில்லாதது, ஆடம்பரம்"னு முத்திரை குத்திட்டா யுனானிமஸ் ரெசல்யூஷன் வேணும், மொத்த ஓட்டுல 80 சதவீதம் மீட்டிங்ல இருக்கணும், அதுல ஒருத்தர் கையைத் தூக்கி எதிர்த்தாலும் முடிஞ்சுது கதை. எங்க சேர்மன் முதல் மீட்டிங்லயே "இது லக்ஸுரி"ன்னு சொன்னாரு, யாரும் எதிர்த்துப் பேசல, மினிட்ஸ்லயும் ஏறிடுச்சு. கார் ஓடுறதுக்கு சார்ஜ் தேவை, இது எப்படிங்க லக்ஸுரி ஆகும்?

அவங்க சொல்ற இன்னொரு காரணம் பில்டிங்குக்கு பவர் பத்தாதுன்னு. 2023ல ஸ்டேஜ் 6 லோட் ஷெட்டிங்ல (முறை வச்சு கரண்ட் கட் பண்றது) எல்லாரும் பட்ட பாட்டுக்கு இந்தப் பயம் நியாயமானதுதான், அதை நான் குறைச்சு சொல்லல. பத்து பேர் ஆளாளுக்கு 7 கிலோவாட் சார்ஜர் மாட்டி சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் அடுப்பு, கீசர் போடுற நேரத்துல சேர்ந்து போட்டா மெயின் பிரேக்கர் விழத்தான் செய்யும். அதனாலதான் ஆளாளுக்கு ஒயர் இழுக்க விடக்கூடாதுன்னு நானும் சொல்றேன். மெயின் போர்டுல இருந்து த்ரீ ஃபேஸ்ல 32 ஆம்ப் லைன் ஒண்ணு, அதுல சுமார் 22 கிலோவாட் கிடைக்கும், லோட் மேனேஜ்மென்ட் இருக்குற சார்ஜருங்க அதை தங்களுக்குள்ள பங்கு போட்டுக்கும். ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் 176 யூனிட். நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட்னு போட்டா பத்து காருக்கும் ஆளுக்கு 110 கிலோமீட்டர் வருது. மிட்ராண்ட்ல இருந்து தினம் பிரிட்டோரியா போய்ட்டு வர்றவருக்கும் இது தாராளம்.

காசு யாரு போடுறது? கேபிள் ட்ரே, மெயின் போர்டு வேலை பாடி கார்ப்பரேட் (எல்லா ஓனரும் சேர்ந்த அமைப்பு) செலவு, ஏன்னா அது பில்டிங்கோட சொத்து, நாளைக்கு வீட்டை விக்கிறவருக்கும் அதால பிரயோஜனம். சார்ஜரும் சப்மீட்டரும் (அந்த சார்ஜருக்கு மட்டும் தனி மீட்டர்) காரு வச்சிருக்கறவரோட செலவு, ஓடுற யூனிட்டுக்கு மாசா மாசம் அவரே கட்டணும். டீசல் பக்கி (பிக்கப் வண்டி) வச்சிருக்குற பக்கத்து வீட்டு அங்கிள் எனக்காக ஒரு சென்ட்கூட கரண்டுக்குக் கட்டக்கூடாது, அதுல நான் கறார். எங்க யூனிட்டுக்கு நாங்களே கட்டினாலும் எங்களுக்கு லாபம்தான், வெளிய ஃபாஸ்ட் சார்ஜர்ல யூனிட் ஏழு ராண்ட் பக்கம் போகுது. பேட்டரி தீப்பிடிக்கும்னு பயப்படுறவங்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு பதிலை மீட்டிங்ல வைக்கச் சொல்லுங்க. எனக்கு அந்த உருகின பிளக்தான் பயமா இருக்கு.

கடைசியா நம்ம ஆளுங்ககிட்ட ஒண்ணு. ஏஜிஎம் (ஓனருங்களோட வருஷாந்திர மீட்டிங்) நோட்டீஸ் வந்தா நாம போறதே இல்ல, அன்னிக்குத்தான் பர்த்டே பார்ட்டி வரும், கோயில்ல பூஜை வரும். கோரம் (மீட்டிங் நடத்தத் தேவையான குறைஞ்சபட்ச ஆளுங்க) சேரலன்னா அடுத்த வாரம் அதே நாள், அதே நேரத்துக்குத் தள்ளி வைப்பாங்க, அப்ப வந்து உக்காருற ஏழெட்டு பேரே கோரம், அவங்க எடுக்குற முடிவு நம்ம எல்லாரையும் கட்டுப்படுத்தும். வர முடியலன்னா பிராக்ஸி குடுங்க (உங்களுக்குப் பதிலா ஓட்டுப் போட ஒருத்தருக்கு எழுதிக் குடுக்குறது), ஆனா ஒருத்தர் ரெண்டு பேருக்கு மேல பிராக்ஸியா இருக்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது, அதனால எல்லாத்தையும் ஒரே அண்ணன் கைல குடுத்துட்டு இருந்துடாதீங்க. வாடகைக்கு இருக்கறவங்களுக்கு ஓட்டு இல்ல, ஓனருக்கு மெயில் போட்டு அவர் ஓட்டைக் கேளுங்க. நியாயமே இல்லாம எதிர்த்து தீர்மானத்தைத் தோக்கடிச்சா கம்யூனிட்டி ஸ்கீம்ஸ் ஓம்பட் சர்வீஸ்ல (காம்ப்ளக்ஸ் தகராறைத் தீர்க்குற அரசு அமைப்பு) புகார் குடுக்க வழி இருக்கு, வக்கீல் வச்சு கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்ல.

எங்க காம்ப்ளக்ஸ்ல நாங்க தீர்மானத்தை எழுதி முடிச்சாச்சு, எலக்ட்ரீஷியனோட லோட் ரிப்போர்ட்டும் சேத்து 30 நாள் நோட்டீஸ் அனுப்பச் சொல்லி குடுத்திருக்கோம். அந்த டிராஃப்ட் வேணும்கிறவங்க இன்பாக்ஸ்ல கேளுங்க, உங்க காம்ப்ளக்ஸுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம், ஆனா ஏஜிஎம் நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடியே கேளுங்க, அஜெண்டா போனப்புறம் சேக்க முடியாது.