இந்த வருஷ ஹெய்ஸ்மேன் ஜென்ட்டிக்குத்தான் போக வேண்டும்

வெள்ளிக்கிழமை இரவு எங்கள் ஊர் ஃபுட்பால் மைதானமான ஆல்பர்ட்சன்ஸ் ஸ்டேடியத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. இன்று ஞாயிறு, 2024 டிசம்பர் 8, இன்னும் சரியாகவில்லை. பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். ஹெய்ஸ்மேன் கோப்பைக்கான ஓட்டு நாளை மூடுவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்காக முதலில் கொஞ்சம். அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஒவ்வொரு வருஷமும் மிகச் சிறந்த ஒரே ஒரு ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் கோப்பையின் பெயர் ஹெய்ஸ்மேன். 1935லிருந்து கொடுக்கிறார்கள். வாங்கியவர் பெயருக்கு முன்னால் சாகும்வரை அந்தச் சொல் ஒட்டிக்கொள்ளும். நான் இருக்கும் போய்சி, ஐடஹோ மாநிலத்தின் தலைநகர். எங்கள் போய்சி ஸ்டேட் அணியில் ஆஷ்டன் ஜென்ட்டி என்று ஒரு பையன் இருக்கிறான். ரன்னிங் பேக். அதாவது பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு பதினோரு பேர் சுவருக்குள் ஓட வேண்டியவன். கபடி பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ரெய்டு போனவனை இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள், ஒருவன் காலைக் கவ்விக்கொண்டிருக்கிறான், அப்போதும் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தொடுகிறான் பாருங்கள், அந்தக் கணம். ஜென்ட்டிக்கு ஒரு மேட்ச்சில் அது முப்பது தடவை வரும்.

2024 சீசன் கணக்கைச் சொல்கிறேன். 13 மேட்ச், 344 ஓட்டம், 2,497 யார்டு (ஒரு யார்டு மூன்று அடி), ஓடியே 29 டச் டவுன், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனது. சராசரியாக ஒரு தடவை பந்தைத் தொட்டால் 7 யார்டுக்கு மேல். முதல் மேட்ச்சிலேயே, ஜார்ஜியா சதர்ன் அணியோடு, 20 ஓட்டத்தில் 267 யார்டு, 6 டச் டவுன். 13 மேட்ச்சில் ஒன்றில்கூட 127க்குக் கீழே இறங்கவில்லை. ஒரு ரன்னிங் பேக் 100 யார்டு எடுத்தாலே அன்று நல்ல நாள் என்பார்கள். அந்தக் குறைந்தபட்ச 127ஐ எடுத்த போர்ட்லண்ட் ஸ்டேட் மேட்ச்சில், முதல் பாதி முடிந்ததும் அவனை உட்கார வைத்துவிட்டார்கள்.

எண்களை விடுங்கள், நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் ஸ்டேடியத்தில் தரை நீல நிறம். 1986லிருந்து அப்படித்தான், முதல் தடவை பார்ப்பவர்களுக்குக் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். மற்ற ரன்னிங் பேக்குகள் பந்து வருவதற்கு முன்னால் முழங்காலை வளைத்து, கையைத் தொடையில் ஊன்றி, பாயத் தயாராக நிற்பார்கள். ஜென்ட்டி அப்படி நிற்பதில்லை. நிமிர்ந்து நிற்கிறான். இரண்டு கையும் பக்கத்தில் தளர்ந்து தொங்குகின்றன. பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல அசையாமல் நிற்கிறான். எதிரே எட்டுப் பேர் முன்னால் வந்து குவிகிறார்கள், இவனிடம்தான் பந்து வரும் என்று அவர்களுக்கும் தெரியும், பாப்கார்ன் விற்கிறவருக்கும் தெரியும். அப்புறம் பந்து கைமாறுகிறது. முதல் ஆள் இடுப்பில் மோதுகிற சத்தம் எங்கள் வரிசை வரை கேட்கும். இவன் விழுவதில்லை. உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, ஒரு கையைத் தரையில் ஊன்றி நிமிர்கிறான், அடுத்தவன் தோளில் மோதிச் சறுக்கி விழுகிறான். 5 அடி 9 அங்குலம், 215 பவுண்டு. உயரம் நம்மில் பலருக்கு இருக்கும் உயரம்தான். முழுக்கத் தொடையும் இடுப்பும்.

இதற்கும் கணக்கு எடுக்கிறார்கள். எதிராளியின் கை மேலே பட்ட பிறகு எவ்வளவு தூரம் ஓடினான் என்று தனியாகப் பார்க்கலாம். ஜென்ட்டியின் அந்தத் தூரத்தை மட்டும் எடுத்தால்கூட, இந்த வருஷம் நாட்டில் வேறு எந்த ரன்னிங் பேக்கின் மொத்தத் தூரத்தையும் தாண்டிவிடுகிறது. இதைப் படித்தபோது நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நடந்தது எங்கள் கான்ஃபரன்ஸான (அணிகளின் கூட்டமைப்பு) மவுண்டன் வெஸ்ட்டின் சாம்பியன்ஷிப், எதிரணி லாஸ் வேகஸ் பல்கலைக்கழகமான யுஎன்எல்வி. என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. இந்த சீசன் முழுக்க ஒரு சின்ன நோட்டில் ஜென்ட்டி பந்தைத் தொடும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுகிறான். ஐந்தாவது கோடு குறுக்கே. அன்றைக்குக் குளிரில் கையுறையைக் கழற்றிக் கழற்றி எழுதி விரல் சிவந்துபோயிற்று, கழற்றாதே என்றால் கேட்கவில்லை. மொத்தம் 32 கோடு. அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் '75' என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டிருக்கிறான். அந்த 75 யார்டு ஓட்டத்தின் கடைசி முப்பது யார்டை நான் உட்கார்ந்து பார்க்கவில்லை, ஸ்டேடியத்தில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. 21-7 என்று ஜெயித்தோம். அவன் கணக்கில் 209 யார்டு. இன்று வந்த, தேசிய சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் பட்டியலில் எங்களுக்கு மூன்றாம் இடம், முதல் சுற்று ஆடாமலே காலிறுதி. சீசனில் தோற்றது ஒன்றே ஒன்று, அதுவும் ஆரிகனிடம், அவர்கள் ஊரில், 37-34, கடைசி வினாடியில் அவர்கள் பந்தை உதைத்து எடுத்த ஃபீல்டு கோலில். அந்த ஆரிகன் 13 மேட்ச் ஆடி ஒன்றில்கூட இன்னும் தோற்கவில்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ஜென்ட்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலே "சின்ன சின்ன அணிகளோடு எடுத்த யார்டுதானே" என்கிறார்கள். ஆரிகனோடு அவன் எடுத்தது 192 யார்டு, 3 டச் டவுன். வாஷிங்டன் ஸ்டேட்டோடு 259, 4 டச் டவுன். ஆரிகன் ஸ்டேட்டோடு 226. பெரிய அணி வந்தபோது எங்கே சுருங்கினான்? மட்டமான அணிகளோடு ஆடியபோது அவனைச் சீக்கிரமே வெளியே எடுத்துவிட்டார்கள் என்பதும் உண்மை. முழு நேரமும் விட்டிருந்தால் 1988ல் பேரி சாண்டர்ஸ் என்ற ரன்னிங் பேக் ஒரே சீசனில் ஓடி வைத்த 2,628 யார்டு என்ற சாதனை இந்நேரம் உடைந்திருக்கும்.

சாண்டர்ஸ் அதை 11 மேட்ச்சில் எடுத்தார், ஜென்ட்டி 13 ஆடிவிட்டான். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் சீசன் முடிந்து ஆடும் பௌல் மேட்ச்சில் எடுத்ததைக் கணக்கில் சேர்க்கவும் இல்லை. சாண்டர்ஸ் வேறு ரகம், அவரை யாரோடும் ஒப்பிட எனக்கு மனம் வராது. ஆனால் 36 வருஷமாக அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

சரி, டிராவிஸ் ஹன்டர். இந்த ஓட்டில் ஜென்ட்டிக்கு எதிரே நிற்பவர் அவர்தான். நான் அவருடைய மேட்ச்களையும் விடாமல் பார்த்தேன். கொலராடோ அணிக்கு ஒரே ஆள் ரிசீவராகவும் ஆடுகிறார், கார்னர்பேக்காகவும் ஆடுகிறார். பந்தைப் பிடிப்பதும் அவர், பிடிக்க விடாமல் தடுப்பதும் அவர். 92 கேட்ச், 1,152 யார்டு, 14 டச் டவுன். இந்தப் பக்கம் 4 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி எறிந்த பந்தைப் பறித்தது. பேய்லர் மேட்ச்சில் ஓவர்டைமில் கோல் கோட்டருகே பந்தைத் தட்டிவிட்டு மேட்ச்சை முடித்தாரே, அதை மறக்க முடியாது. அவர் ஜெயித்தால் தகுதியில்லாதவர் ஜெயித்தார் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். இப்படி ஒருவர் மறுபடி எப்போது வருவார் என்று தெரியாது.

ஆனால் என் கேள்வி வேறு. ஹன்டர் இரண்டு வேலையைச் செய்கிறார் என்பது அதிசயம். அந்த இரண்டில் ஏதாவது ஒன்றில், வரலாற்றிலேயே முதல் நான்கைந்து பேரில் ஒருவராக இந்த வருஷம் ஆடினாரா? ஜென்ட்டி ஆடியிருக்கிறான். ஒரு சீசனில் அவனைவிட அதிக யார்டு ஓடியவர்கள் கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டப் பிரிவின் வரலாற்றிலேயே மூன்று பேர்தான். அவனை எடுத்துவிட்டால் இந்த அணி 12 மேட்ச் ஜெயிக்குமா? வயோமிங்கோடு 17-13, நெவாடாவோடு 28-21. அந்த இரண்டு நாளும் அவன்தான் அணியைச் சுமந்தான். நெவாடா அன்று 209, வயோமிங் அன்று 169.

எனக்குப் பயமாக இருப்பது ஓட்டுப் போடும் முறை. நாடு முழுக்க ஆறு பகுதி, ஒவ்வொன்றிலும் 145 பத்திரிகைக்காரர்கள், மொத்தம் 870 ஓட்டு. அதோடு முன்பு வென்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. ரசிகர்கள் அத்தனை பேரும் சேர்ந்து போடுவதற்கு ஒரே ஒரு ஓட்டு. ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுத வேண்டும், முதல் பெயருக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, மூன்றாவதற்கு 1. இதில் பெரும்பாலானவர்கள் இருக்கும் ஊரில் கடிகாரம் எங்களைவிட ஒன்று, இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே இரவு எட்டுக்குத் தொடங்கும் மேட்ச் நியூயார்க்கில் பத்துக்கு. காலையில் எழுந்து ஸ்கோரைப் பார்த்து "இன்றும் இருநூறா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் ஆள் மோதி விழுவதையும், இரண்டாவது ஆள் தோளில் சறுக்குவதையும் யார் பார்த்தது?

இது முன்பும் நடந்திருக்கிறது. 2015ல் ஸ்டான்ஃபர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, ஓட்டம், கேட்ச், கிக் ரிட்டர்ன் (எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடுவது) எல்லாம் சேர்த்த கணக்கில் சாண்டர்ஸின் 3,250 என்ற சாதனையையே உடைத்தார். கோப்பை அலபாமாவின் டெரிக் ஹென்றிக்குப் போனது. ஹென்றியும் பெரிய ஆட்டக்காரர்தான். ஆனால் மேற்குக் கரையில் நள்ளிரவு வரை நடந்த மேட்ச்களை எத்தனை பேர் விழித்திருந்து பார்த்தார்கள் என்று அப்போதே பலரும் கேட்டார்கள். பெரிய கான்ஃபரன்ஸுக்கு வெளியிலிருந்து கடைசியாக ஒருவர் ஜெயித்தது 1990ல், யூட்டாவில் இருக்கும் பிஒய்யு பல்கலைக்கழகத்தின் டை டெட்மர். 34 வருஷம் ஆகிறது.

அப்புறம், ரன்னிங் பேக் என்ற வேலைக்கே மரியாதை தேய்ந்துவிட்டது. 1973லிருந்து 1983 வரை பதினோரு வருஷம் தொடர்ந்து ஹெய்ஸ்மேன் வாங்கியது எல்லாம் ரன்னிங் பேக்குகள். 2000லிருந்து போன வருஷம் வரை மூன்றே பேர்: ரெஜி புஷ், மார்க் இங்ரம், ஹென்றி. ஒரு தடவை ரிசீவர், மற்றதெல்லாம் பந்தை எறியும் குவார்ட்டர்பேக். ஹென்றிக்குப் பிறகு ஒருவரும் இல்லை.

இன்னொன்று, இது யார்டுக் கணக்கில் வராது, ஓட்டுப் போடுபவர்கள் கணக்கில் எடுக்கவும் தேவையில்லை. எனக்கு முக்கியம். ஜென்ட்டியின் அப்பா கடற்படைக்காரர். பையன் இத்தாலியில் நேப்பிள்ஸ் தளத்தில் இருந்தபோது இந்த ஆட்டத்தை ஆடினான், பிறகு டெக்சாஸில் பள்ளி. போன சீசன் முடிந்ததும் பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து அழைப்பு வந்தது, போனால் இங்கே கிடைப்பதைவிடப் பல மடங்கு பணம். இப்போதெல்லாம் நன்றாக ஆடும் பையன்கள் போய்விடுகிறார்கள், அதில் தப்பும் இல்லை, அவர்கள் உடம்பு, அவர்கள் வாழ்க்கை. இவன் போகவில்லை. எங்கள் ஊர் மாதிரி ஒரு ஊரில் அது என்ன செய்தது என்பதைக் கடைகளில் தொங்கும் 2ஆம் நம்பர் சட்டையைப் பார்த்தால் தெரியும். நான் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவன். பக்கத்து வீட்டு ஆட்களோடு பேச எனக்கு முதலில் கிடைத்த விஷயம் இந்த அணிதான்.

ஆகவே உங்களிடம் ஒரு உதவி. அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களே, உங்கள் ஊர்ப் பத்திரிகையில், டிவியில் கல்லூரி ஃபுட்பால் எழுதுகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், அவரிடம் ஓட்டு இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. ஒரு வரி எழுதுங்கள். ஹன்டரைத் திட்டி ஒரு வார்த்தை வேண்டாம். ஆரிகன் மேட்ச்சையும் வெள்ளிக்கிழமை மேட்ச்சையும் முழுசாக ஒரு தடவை பார்த்துவிட்டு மூன்று பெயரையும் எழுதச் சொல்லுங்கள். நாளை மாலை வரைதான் நேரம். முடிவு 14ஆம் தேதி நியூயார்க்கில்.

எங்கள் காலிறுதி டிசம்பர் 31, ஃபியஸ்டா பௌல். சாண்டர்ஸைத் தாண்ட இன்னும் 132 யார்டு வேண்டும். அது ஓட்டுக்குப் பிறகு வருவதால் கோப்பைக் கணக்கில் சேராது. பையன் அதற்கென்று நோட்டில் இரண்டு பக்கம் காலியாக விட்டு, மேலே தேதியை மட்டும் எழுதி வைத்திருக்கிறான்.