சார்ஜர் முன்னால் நிற்பவர் பணம் கட்ட வழி இருக்க வேண்டும்

சென்ற மாதம் ஒரு மழை இரவில், அம்மாவை மருத்துவப் பரிசோதனைக்காகத் திருவனந்தபுரம் அழைத்துச் சென்றுவிட்டு நாகர்கோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். மார்த்தாண்டம் மேம்பாலத்தை இறங்கும்போது காரில் 14 சதவீதம் சார்ஜ்தான் மிச்சம் இருந்தது. தக்கலை போய்ச் சேருவதற்குள் சாலையோரத்தில் ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் கண்ணில் பட்டது. விளக்கு எரிந்தது, இரண்டு சார்ஜிங் கன்னும் காலியாக இருந்தன, ஒன்றை வண்டியில் மாட்டியதும் திரை பச்சை காட்டியது. மின்சாரம் இருந்தது, என்னிடம் பணமும் இருந்தது. அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் அங்கே வழி இல்லை.

அந்த நிறுவனத்தின் ஆப்பை இறக்க வேண்டும், செல்பேசி எண்ணைப் பதிய வேண்டும், ஓடிபி வர வேண்டும், வண்டி எண்ணைக் கொடுக்க வேண்டும், அதன் பிறகு அவர்களுடைய வாலட்டில், அதாவது ஆப்புக்குள் இருக்கும் முன்பணக் கணக்கில், குறைந்தது 500 ரூபாய் போட வேண்டும். ஒற்றைக் கோடு சிக்னலில் இத்தனையும் முடிந்து மின்சாரம் ஏறத் தொடங்க 35 நிமிடம் ஆனது. ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை, "பெட்ரோல் வண்டியா இருந்தா இப்போ வீட்டுல இருந்திருப்போம் மக்ளே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யூனிட் 20 ரூபாய் என்று ஆப் காட்டியதை நம்பி 11 யூனிட் ஏற்றினேன். 220 ரூபாயோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 259 ரூபாய் 60 காசு கழிந்தது. வரி தனி என்பது சார்ஜ் முடிந்த பிறகுதான் தெரிந்தது. மீதி 240 ரூபாய் 40 காசு இன்றும் அந்த வாலட்டில்தான் கிடக்கிறது. அதைத் திரும்ப எடுக்கும் பொத்தான் அந்த ஆப்பில் எங்குமே இல்லை.

என் செல்பேசியில் இப்படி ஐந்து ஆப் இருக்கின்றன. ஐந்திலும் கொஞ்சம் கொஞ்சமாக என் பணம் தங்கியிருக்கிறது. ஒரு நிறுவனம் தன்னிடம் மட்டுமே செலவழிக்கும்படி வைத்திருக்கும் இத்தகைய வாலட்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. எங்கும் செலவழிக்கக்கூடிய வாலட்டுகளுக்கு உள்ள கட்டுப்பாடுகள் இதற்கு இல்லை. ஆகவே நிறுவனம் நாளை கடையைச் சாத்தினால் அந்தப் பணத்தைக் கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது என்பது சாதாரண மனிதருக்குத் தெரியாது. ஒருவருடைய இருநூறு ரூபாய் சிறிய தொகைதான். ஆயிரக்கணக்கானோரின் இருநூறு ரூபாய்கள் வட்டியில்லாமல் ஓர் இடத்தில் சேர்வது சிறிய தொகை அல்ல.

கன்னியாகுமரியில் ஒரு தங்கும் விடுதியின் வாசலில் இருக்கும் சார்ஜரில் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். அங்கே பெட்டியில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடு வெயிலில் வெளுத்து, உப்புக் காற்றில் ஓரம் உரிந்து, எந்தக் கேமராவுக்கும் பிடிபடாமல் போயிருந்தது. விடுதியின் காவலாளி, அறுபதைத் தொட்ட அண்ணாச்சி, தன் செல்பேசியில் நான்கு நிறுவனங்களின் ஆப் வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம், "ஆப் இல்லேன்னா பரவால்ல சார், பைசா தாங்க, நான் போட்டுத் தாறேன், அது போரும்" என்று சொல்லி ரொக்கத்தை வாங்கிக்கொண்டு தன் வாலட்டிலிருந்து சார்ஜ் போட்டுக் கொடுக்கிறார். நான் நின்ற அந்த அரை மணி நேரத்தில் சூரிய உதயம் பார்க்க வந்த ஒரு கேரளக் குடும்பமும், இந்திய செல்பேசி எண் இல்லாததால் ஓடிபி பெற முடியாத ஒரு வெளிநாட்டுத் தம்பதியும் அவருடைய கையால்தான் சார்ஜ் ஏற்றினார்கள். அரசும் நிறுவனங்களும் செய்திருக்க வேண்டிய வேலையை, சம்பளம் இல்லாமல், தன் சொந்தப் பணத்தை முன்போட்டு அந்த மனிதர் செய்துகொண்டிருக்கிறார். அவருக்கு விடுப்பு நாள் வந்தால் அந்த சார்ஜரும் விடுப்பில் இருப்பதுபோலத்தான்.

மற்ற நாடுகளில் இதே சிக்கல் முன்பே வந்து, அரசுகள் சட்டத்தின் வழியே தலையிட்டிருக்கின்றன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2013-லேயே, உறுப்பினராகச் சேர்ந்தால்தான் சார்ஜ் செய்யலாம் என்று பொது நிலையங்கள் நிபந்தனை போடக் கூடாது என்று சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, 2024 ஏப்ரல் 13 முதல் நிறுவப்படும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள பொது சார்ஜர்கள் வங்கி அட்டையை அங்கேயே ஏற்க வேண்டும். பிரிட்டன் 2023-இல் கொண்டுவந்த விதிகள், வேக சார்ஜர்களில் அட்டையைத் தொட்டுச் செலுத்தும் வசதியோடு, ஒரு யூனிட்டுக்கு என்ன விலை என்பதைத் தெளிவாகக் காட்டுவதையும், இலவச உதவி எண்ணையும் கட்டாயமாக்கின.

நம் நாட்டிலும் வழிகாட்டுதல்கள் இல்லாமல் இல்லை. மத்திய மின்சார அமைச்சகம் 2018-இல் தொடங்கிப் பலமுறை திருத்தி, கடைசியாக 2024 செப்டம்பரில் புதிதாக வெளியிட்டது. சார்ஜிங் ஸ்டேஷன் வைக்க உரிமம் வேண்டியதில்லை என்ற முடிவும் 2018-இல் எடுக்கப்பட்டதுதான். அதனால்தான் இத்தனை நிலையங்கள் இவ்வளவு விரைவில் வந்தன, அதை நான் குறை சொல்லவில்லை. 2022-இல் செய்த திருத்தத்தில், கட்டணத்தை முன்பணமாக வசூலிக்கும் வசதி இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். அந்த ஒரு சொல்லைத்தான் நிறுவனங்கள் தங்களுக்கு வசதியாக வாலட் என்று படித்துக்கொண்டன என்று நினைக்கிறேன். முன்கூட்டி வாங்குவது வேறு, மீதியைத் தராமல் வைத்துக்கொள்வது வேறு.

எவ்வளவு யூனிட் ஏறும் என்று முதலிலேயே தெரியாது, ஆகவே வாலட் இல்லாமல் முடியாது என்று இந்தத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். பொதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும் எவருக்கும் இதற்கான விடை தெரியும். அங்கே யூபிஐ வழியாகப் பணம் நம் வங்கிக் கணக்கிலேயே நிறுத்திவைக்கப்படுகிறது. பங்கு கிடைத்தால் அதற்குரிய தொகை மட்டும் கழிகிறது, மீதி விடுபடுகிறது. 2018-இல் வந்த யூபிஐயின் இரண்டாம் பதிப்பிலேயே இந்த வசதி இருக்கிறது. லட்சக்கணக்கான விண்ணப்பங்களுக்கு ஒரே வாரத்தில் இதைச் செய்ய முடிகிற நாட்டில், தக்கலையில் ஒரு காருக்குச் செய்ய முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். அதுவும் வேண்டாம் என்றால் பெட்ரோல் பங்கில் "முந்நூறுக்குப் போடுங்க" என்பதுபோல, தொகையைத் திரையில் தேர்ந்தெடுத்ததும் அந்தத் தொகைக்கான க்யூஆர் கோடு திரையிலேயே வரட்டும், குறைவாக ஏறினால் மிச்சம், பணம் வந்த கணக்குக்கே திரும்பட்டும்.

திரையில் வர வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒட்டிய க்யூஆர் கோடு வெயிலில் வெளுப்பது ஒருபுறம் இருக்க, அதன்மேல் வேறொருவர் தன் க்யூஆர் கோட்டை ஒட்டிப் பணம் பறிப்பதும் நம் ஊர்க் கடைகள் அறிந்த மோசடிதான். நம் கடற்கரையின் உப்புக் காற்றில் அட்டை செருகும் எந்திரம் எத்தனை நாள் துருப்பிடிக்காமல் இருக்கும் என்ற நிறுவனங்களின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே எல்லா இடத்திலும் அட்டை எந்திரம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கன்னியாகுமரி போன்ற சுற்றுலாத் தலங்களில் அட்டையைத் தொட்டுச் செலுத்தும் வசதி ஒன்றாவது இருந்தால் போதும்.

இதைச் செய்ய மாநில அரசிடம் அதிகாரம் இல்லை என்று சொல்ல முடியாது. உரிமம் தேவையில்லை என்றாலும் மின் இணைப்பு தேவை. அதைத் தருவது நம் மின் பகிர்மானக் கழகம். சார்ஜிங் நிலையங்களுக்கெனத் தனிக் கட்டண வகையை வைத்திருப்பது நம் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மாநிலத்தின் மின்வாகனக் கொள்கை 2019-இல் வந்து 2023-இல் திருத்தப்பட்டது. அரசு நிலத்தையும் மானியத்தையும் தரும்போது நிபந்தனையும் விதிக்கலாம்: ஆப் இல்லாமல், பதிவு இல்லாமல், அங்கேயே பணம் கட்ட வழி இருக்க வேண்டும், வரி உட்பட யூனிட் விலை பெட்டியின் மேலேயே எழுதியிருக்க வேண்டும், வாலட்டில் மிஞ்சிய பணத்தைக் கேட்டால் வங்கிக் கணக்குக்குத் திருப்ப வேண்டும், உதவி எண்ணில் தமிழில் பேச ஆள் இருக்க வேண்டும். எல்லை மாவட்டம் என்பதால் எங்களுக்கு மலையாளமும் வேண்டும். ஆப் வைத்திருப்பவர்களுக்குத் தள்ளுபடி கொடுப்பதையோ, முன்பதிவு வசதி தருவதையோ யாரும் தடுக்கப் போவதில்லை. ஆப் விருப்பமாக இருக்கலாம், நுழைவுச்சீட்டாக இருக்கக் கூடாது.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் இதை மனுவாகக் கொடுக்கிறேன். களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை நம் மாவட்டத்தில் மின்வாகனம் ஓட்டுகிறவர்கள், குறிப்பாக ஆட்டோ ஓட்டும் நண்பர்கள், உங்கள் வாலட்டுகளில் எவ்வளவு பணம் எடுக்க முடியாமல் நிற்கிறது என்பதைத் தொகையும் தேதியும் போட்டு எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நிறுவனத்தின் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம். ஞாயிறு மாலைக்குள் வந்து சேரும் கணக்குகளை எல்லாம் மனுவோடு இணைத்துவிடுகிறேன். என்னுடைய 240 ரூபாய் 40 காசும் அதில் இருக்கும்.