கேஸ் ஷீட்டைப் பெற்றவர்களுக்கும் காட்டுங்கள்

போன ஐப்பசி மழையில் என் மகனுக்கு டெங்கு வந்தது. மூன்று வயது. ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மூன்றாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. வயிற்று ஸ்கேன் எடுக்கக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். வீல்சேரில் அவனை மடியில் வைத்து உட்கார்ந்தேன். ஆயாம்மா அவனுடைய கேஸ் ஷீட் இருந்த ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஸ்கேன் அறை வாசலில் பத்து நிமிஷம் காத்திருந்தோம். சும்மா பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் எடை 13 கிலோ. மருந்து எழுதும் தாளில் 18. யாரோ அவசரத்தில் கிறுக்கிய 3, அடுத்த தாளுக்குப் போகும்போது 8 ஆகிவிட்டிருந்தது.

எனக்குக் கை நடுங்கியது. குழந்தைகளுக்கு மருந்தெல்லாம் கிலோ கணக்குத்தான். ட்ரிப்ஸ் எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது என்பதும் எடையை வைத்துத்தான். அதிலும் டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிற நேரம் அது. ட்ரிப்ஸ் குறைந்தால் பிள்ளை ரத்த ஓட்டம் குறைந்து ஷாக்கில் போகும், கூடினால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும்.

மேலே வந்ததும் சிஸ்டரிடம் சொன்னேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. உடனே எடை பார்த்தார், 13.2. டியூட்டி டாக்டர் வந்து திருத்தினார். அதுவரை அவனுக்குக் காய்ச்சல் சிரப் மட்டும்தான் போயிருந்தது, ட்ரிப்ஸ் ஆரம்பிக்கவில்லை. கடவுள் புண்ணியம். அந்த சிஸ்டர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அத்தனை படுக்கைக்கு அவர் ஒருவர்.

என் வருத்தம் அதற்கு அப்புறம் நடந்தது பற்றி. மறுநாள் ஃபைலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அட்டெண்டர்ஸ் பார்க்கக் கூடாதும்மா, ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டர்கிட்ட கேளுங்க" என்றார்கள். ஆனால் எத்தனை மில்லி இளநீர் குடித்தான், எத்தனை தடவை யூரின் போனான் என்று ராத்திரி முழுக்கக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தது நான். ஷிஃப்ட் மாறி வருகிற ஒவ்வொருவரும் அதைக் கேட்டுத்தான் எழுதிக்கொண்டார்கள். ஷிஃப்ட் மாறாமல் அவன் பக்கத்திலேயே இருக்கிற ஆள் அம்மா ஒருத்திதான். நான் சொன்னதை வைத்து நிரப்பிய தாளை நான் பார்க்கக் கூடாது என்றால் எப்படி?

இதற்கு விதியே இருக்கிறது. நோயாளியோ அவர் சார்பில் இருப்பவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை சொல்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம், சிகிச்சையில் இருக்கும்போதே, கூடியவரை 24 மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கிறது. சரி, 72 மணி நேரம் கழித்துக் கையில் கிடைத்து என்ன செய்வது? டெங்குவின் கண்டமே 48 மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே.

டாக்டர்களின் பயம் எனக்குப் புரிகிறது. பாதி புரிந்து கூகுளில் தேடிச் சண்டைக்கு வருவார்கள் என்று நினைக்கிறார்கள். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரையே நோயாளியின் மகன் கத்தியால் குத்தினான், அதை யாரால் மறக்க முடியும்? ஆனால் மறைக்க மறைக்கத்தான் சந்தேகம் வளருகிறது. வீட்டிலேயே குழந்தைக்குக் கொடுமை நடக்கிறதோ என்ற சந்தேகம், வளர்ந்த பிள்ளை டாக்டரிடம் தனியாகச் சொன்னது, இதையெல்லாம் தனியாக வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

முழு ஃபைல் கூட வேண்டாம், கட்டில் பக்கத்தில் ஒரே ஒரு தாள் போதும். எடை, ஒத்துக்கொள்ளாத மருந்து, இன்றைக்குக் கொடுக்கிற மருந்தும் அளவும், ட்ரிப்ஸ் வேகம், கடைசியாகப் பார்த்த பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, நீர் கசிந்தால் ஏறும்), பிளேட்லெட். நாம் பிளேட்லெட் எத்தனை என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம், பிசிவி ஏறுகிறதா என்பதும் அதே அளவு முக்கியம்.

அதுவரைக்கும், பிள்ளையை அட்மிட் செய்தவுடன் எடை என்ன எழுதினார்கள் என்று கேட்டு போனில் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுக்க வரும்போது அளவையும் கேளுங்கள். என் காலண்டர் தாள் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. எப்படிக் குறித்தேன் என்று பார்க்க வேண்டுமானால் இன்பாக்ஸில் கேளுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.