அரண்மனைக்குள் காயும் துணி

குரோவேஷியாவுக்குப் போகிறோம், ஸ்ப்ளிட் நகரில் எதைப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு கைடைப் பிடித்து, அவரோடு நடந்து பாருங்கள். அங்கே இருக்கும் ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனை நீள அகலத்தில் ஏறக்குறைய 200 மீட்டர்தான். கூகுள் மேப்பை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துவிடலாம். முதல் நாள் நானும் என் மனைவியும் அப்படித்தான் நடந்தோம். கடை, வீடு, சந்து, தேவாலயம் என்று பார்த்துக்கொண்டே போனோம். அத்தனையும் ஒரே அரண்மனைக்குள் இருக்கின்றன என்பது மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் காலை ஒரு பெண்மணி எங்கள் குழுவை அழைத்துப் போனார். ஐம்பது வயதிருக்கும். நேராக நிலவறைக்குக் கூட்டிப் போனார். மேலே எதையும் காட்டாமல் ஏன் இருட்டுக்குள் கூட்டி வருகிறார் என்று எனக்கு யோசனை. உள்ளே போனதும் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். வளைந்த கல் கூரையில் ஒரு ஓட்டை. மேலே குடியிருந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வீட்டுக் கழிவை இதுமாதிரி ஓட்டைகள் வழியாகத்தான் கொட்டினார்களாம். நிலவறைகள் குப்பையால் அடைந்துபோனதால் யாரும் உள்ளே போகவில்லை, கல்லைப் பெயர்க்கவில்லை, சுவரை இடிக்கவில்லை. 1950களில் தொடங்கி வாரி வெளியே எடுத்தபோது ரோமானியச் சுவர்கள் அப்படியே இருந்தன. மேலே இருந்த அரச குடியிருப்பு பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஆனாலும் கீழே இருக்கும் அறைகளின் அமைப்புதான் மேலேயும் என்பதால், பேரரசரின் கூடம் எங்கே, அறைகள் எங்கே என்று இன்று சொல்ல முடிகிறது. அந்தச் சுவரில் கை வைத்தேன். சில்லென்று, லேசான ஈரத்தோடு இருந்தது.

டயோக்ளீஷியன் பிறந்தது பக்கத்திலிருந்த சலோனா நகரை ஒட்டி. கி.பி. 305இல் தானாகவே பதவி விலகி, கடலைப் பார்த்துக் கட்டிய இந்த அரண்மனைக்கு வந்து சேர்ந்தார். தெற்கு வாசல் அன்றைக்கு நேராகக் கடலில் திறந்தது. இப்போது அங்கே பனை மரங்களும் காபிக் கடைகளுமாக அகலமான நடைபாதை இருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் அவார் என்ற நாடோடி இனத்தவரும் ஸ்லாவியர்களும் சலோனாவைத் தாக்கியபோது அங்கிருந்த மக்கள் தீவுகளுக்கு ஓடினார்கள். பிறகு அவர்களில் பலர் ஆளில்லாத இந்த அரண்மனையின் மதிலுக்குள் வந்து குடியேறினார்கள். கூடங்களைத் தடுத்து வீடாக்கினார்கள். வடக்கே தங்க வாசலுக்கு மேல், காவல் வீரர்கள் நடந்த ஒடுக்கமான இடம் சின்னஞ்சிறு தேவாலயமானது. இரண்டு மீட்டர் அகலம்கூட இல்லை.

டயோக்ளீஷியனின் கல்லறை மண்டபத்தையும் பேராலயமாக்கிவிட்டார்கள். அங்கே எனக்கு உடம்பு சிலிர்த்தது. கிறிஸ்தவர்களைக் கொடுமையாக வேட்டையாடியவர் அவர். சலோனாவின் ஆயர் டோம்னியஸ் 304இல் கொல்லப்பட்டது அந்த வேட்டையில்தான். இன்று அந்தப் பேராலயம் டோம்னியஸ் பெயரில் இருக்கிறது. பேரரசரின் கல்பேழை அங்கே இல்லை. ஆனால் குவிமாடத்துக்குக் கீழே ஓடும் சிற்ப வரிசையில் அவர் முகமென்று கருதப்படும் ஒன்று இன்னமும் இருக்கிறது. வெளியே தூண் முற்றத்தில் எகிப்திலிருந்து கொண்டுவந்த, சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஸ்பிங்க்ஸ் சிலை ஒன்று படுத்திருக்கிறது. அதற்கு வயது ஏறக்குறைய 3,500. குழுவில் எல்லோரும் அதனோடு படம் எடுத்தார்கள். நான் திரும்பவும் உள்ளே போய் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

எங்களோடு நடந்த ஒருவர், "இந்த வீடு, கடையெல்லாம் எடுத்துவிட்டால் அரண்மனை எவ்வளவு அழகாகத் தெரியும்!" என்றார். இப்படிப் பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சலோனாவைப் போய்ப் பார்க்கட்டும். ஒரு மாகாணத்துக்கே தலைநகராக இருந்த ஊர். மக்கள் விட்டுப் போனார்கள், இன்று புல்லுக்கு நடுவே அடித்தளங்களும் இடிந்த சுவர்களும்தான் மிச்சம். அவர்கள் வந்து குடியேறிய அரண்மனையில் மதிலும் வாசலும் நிற்கின்றன, கல்லறை மண்டபம் கூரையோடு நிற்கிறது. அகதியாக வந்தவர்களும் அவர்கள் பேரப்பிள்ளைகளும் தேவைக்கு இடித்தார்கள், தேவைக்குக் காத்தார்கள். அந்த வீடுகளும் இந்தக் கட்டடத்தின் வரலாறுதான். அவற்றை எடுத்துவிடச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஒரு சந்தில் திரும்பியதும் கைடு சட்டென்று குரலைத் தாழ்த்தினார். தலைக்கு மேலே ரோமானியச் சுவரிலிருந்து எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கப்பிவைத்துக் கட்டிய கொடி. ஒரு பாட்டி அதை இழுத்து இழுத்துத் தலையணை உறைகளை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள். பாட்டி உள்ளே போனதும் கைடு சொன்னார்: "இந்தச் சந்தில் இப்போது நிரந்தரமாக இருப்பது இவர் மட்டும்தான். மற்றதெல்லாம் நாள் வாடகை அறைகள்." கைடு பிறந்த வீடும் அப்படித்தான் ஆகிவிட்டதாம். அவரே இப்போது ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இருக்கிறார்.

நாங்கள் தங்கியிருந்த அறையும் மதிலுக்குள்தான். அன்று இரவு இருவருக்கும் தூக்கம் வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே வேறொரு குழு ஒலிபெருக்கியோடு போனது. பாட்டி இதை எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாரோ!

இனி போனால் மதிலுக்கு வெளியே தங்குவோம். நீங்களும் முடிந்தால் அப்படிச் செய்யுங்கள், நடந்து வரும் தூரம்தான். கூட்டம் சேருவதற்கு முன்பு காலையிலேயே கைடோடு கிளம்பிவிடுங்கள். முதலில் நிலவறையைக் காட்டச் சொல்லுங்கள். சந்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். கொடியில் துணி தெரிந்தால் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்.