சைட்டோகைன் என்பது வைரஸ் கக்கும் நஞ்சா?

செங்கோட்டை, புளியரைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. காய்ச்சலும் உடல்வலியும் வைரஸ் கக்கும் 'சைட்டோகைன்' என்ற நஞ்சால் வருகின்றனவாம். கஷாயம் குடித்து அதை அடியோடு வெளியேற்றினால் எதிர்ப்புச் சக்தி பெருகுமாம்.

தலைகீழ். சைட்டோகைன்கள் நம் செல்களே சுரக்கும், செல்லுக்குச் செல் செய்தி சொல்லும் புரதங்கள். வைரஸ் புகுந்த செல், இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனை வெளியிட்டு அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கிறது. 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற விஞ்ஞானிகள் விவரித்த பொருள் இது. நோயை எதிர்க்கும் வெள்ளணுவான டி செல்லுக்கு வைரஸின் துணுக்கைக் காட்டினால் மட்டும் போதாது. தொட்டு உசுப்பும் துணைச் சமிக்ஞை வேண்டும். மூன்றாவதாக இன்டர்ஃபெரானோ இன்டர்லூகின்-12 என்ற இன்னொரு சைட்டோகைனோ சேர்ந்தால்தான், வைரஸ் புகுந்த செல்களைக் கொல்லும் டி செல்கள் முழுத் திறன் பெறுகின்றன. அவற்றைப் பெருக்குவதில் இன்டர்லூகின்-2க்குப் பெரும் பங்கு உண்டு. இவை அனைத்தையும் வெளியேற்றினால் வைரஸுக்குத்தான் கொண்டாட்டம். நல்லவேளை, சுக்குக் கஷாயத்துக்கு அந்த வல்லமை கிடையாது. தொண்டைக்கு இதமாக இருக்கும், குடியுங்கள்.

காய்ச்சலும் இந்தச் செய்திகளின் விளைவே: இன்டர்லூகின்-1, 6 போன்றவை மூளையின் ஹைப்போதலாமஸில் வெப்ப அளவை உயர்த்துகின்றன.

பதிவில் ஒரு துளி உண்மை உண்டு. சைட்டோகைன்கள் அளவுமீறினால் நுரையீரலே புண்படும். கோவிட்டில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தது அதை அடக்கத்தான்; அதுவும் ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கு, மருத்துவமனையில்.